ஒரு மணி, நின்று மறுபடி ஒரு மணி

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பழைய காலண்டர் அட்டை தொங்குகிறது. தாள்களெல்லாம் கிழித்து முடித்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. முருகன் படம் வெளுத்து, வேலும் மயிலும் ஒரே நிறமாகிவிட்டன. "வருஷத்துக்குப் பத்துக் காலண்டர் வீடு தேடி வருது, இந்த வெறும் அட்டை எதுக்கும்மா?" என்று மகள் கேட்பாள். நான் பேச்சை மாற்றிவிடுவேன். அட்டையின் அடியில், நான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியின் பெயருக்குக் கீழே, சிவப்பு எழுத்தில் நான்கு வரி இருக்கிறது. 'வெடிச் சத்தம் கேட்டால் பதற வேண்டாம். போன் ஒரு மணி அடித்து நின்று, மறுபடி ஒரு மணி அடித்து நின்றால், நம் ஆட்கள் எல்லோரும் நலம். போனை எடுக்க வேண்டாம்.' அதற்கும் கீழே, 'யோசனை' என்று போட்டு என் பெயர். அந்த யோசனை என்னுடையது இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருஷங்கள். சிவகாசியில் கம்பெனியின் ஆபீஸ், நாரணாபுரத்தில் தொழிற்சாலை. ஆபீஸில் நான்தான் டெலிபோன் ஆபரேட்டர். வெளியிலிருந்து மூன்று லைன், உள்ளே பதினாறு இணைப்பு, எல்லாம் என் மேஜைமேல் இருந்த ஒரே பெட்டியில் வந்து முடியும். விருதுநகரில் ஆறு மாதம் படித்துச் சர்டிபிகேட் வாங்கியவள் என்ற திமிர் எனக்கு உண்டு. நாக்பூர் வியாபாரி 'ஹலோ' என்று சொல்லி முடிப்பதற்குள் ஆளைக் கண்டுபிடித்து, முதலாளிக்குப் போட வேண்டுமா, மேனேஜருக்குப் போட வேண்டுமா என்று முடிவு செய்துவிடுவேன். "இந்தப் பொண்ணு லீவு போட்டா கம்பெனியே ஊமையாப் போகும்" என்று முதலாளி ஒருநாள் வந்தவர்களிடம் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு வருஷம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

அப்போதுதான் அக்கா வந்தாள். ஆனைக்குட்டத்துக்காரி, என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள், பத்தாவது வரை படித்தவள். நாரணாபுரத்தில் பேக்கிங் அறையில் பல வருஷம் வேலை பார்த்தவளுக்கு வெடிமருந்துத் தூசியில் மூச்சு இழுக்க ஆரம்பித்ததால், ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்க்கட்டும் என்று மேனேஜர் அனுப்பிவைத்தார். போன் பேசும்போது பக்கத்தில் இருந்து குறிப்பெழுத ஓர் ஆள், அவ்வளவுதான் அவள் உத்தியோகம். முதல் நாள் என் எதிரில் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "தங்கச்சி, நான் எதையும் தொட மாட்டேன். நீங்க சொல்றத மட்டும் எழுதுறேன்" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துத்தான் இருந்தது. பிடிக்காமல் போக ஒரு மாதம் ஆனது.

சீசன் வந்தால் மூன்று லைனும் கொதிக்கும். ஒருவர் பேசிக்கொண்டிருக்க, இருவர் காத்திருக்க, மற்றவர்களுக்கெல்லாம் லைன் கிடைக்காது. காத்திருப்பவர்களைச் சமாதானப்படுத்தியே என் தொண்டை வறண்டுவிடும். நான்கு நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "அவுகள எதுக்கு லைன்லயே நிக்க வைக்கணும்? பேரக் கேட்டுக்கிட்டு வைக்கச் சொல்லுவோம். மொறப்படி நம்மளே கூப்பிடுவோம்" என்றாள். அச்சகத்தில் கழித்துப்போட்ட பட்டாசு லேபிள்களை ஒரு கட்டு வாங்கி வந்தாள். சுவரில் ஆணியடித்துக் கயிறு கட்டினாள். கூப்பிட்டவர் பெயரை லேபிளின் பின்பக்கம் எழுதி, துணிக்கு மாட்டும் கிளிப்பில் மாட்டினாள். புது ஆர்டருக்குச் சிவப்பு லேபிள், லோடு வந்து சேரவில்லை என்ற புகாருக்குப் பச்சை. இடது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நாங்கள் கூப்பிட வேண்டும். 'இது என்ன கூத்து, சேட்டுகள் கோபித்துக்கொண்டு அடுத்த கம்பெனிக்குப் போகட்டும், அப்போது தெரியும்' என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டு காத்திருந்தேன். ஒருவரும் போகவில்லை. கூப்பிடுகிறோம் என்று சொன்னபடி கூப்பிடும் ஒரே கம்பெனி என்று நாக்பூர்க்காரர் முதலாளியிடமே சொல்லிவிட்டார். முதலாளி வந்து கயிற்றையும் கிளிப்பையும் பார்த்துவிட்டு, "யாரு மூளை இது?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். மேனேஜர்தான் அக்காவைக் காட்டினார். முன்னே வந்த காதைப் பின்னே வந்த கொம்பு மறைத்தது என்பார்களே, அன்றைக்கு அது எனக்கே நடந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு இறங்கவில்லை. வயிறு எரிந்தது என்றால் வெறும் பேச்சுக்கு இல்லை, நிஜமாகவே எரிந்தது.

ஆனால் கயிறும் கிளிப்பும் சின்ன விஷயம். எங்கள் பக்கத்தில் எங்கே வெடிச் சத்தம் கேட்டாலும் சுற்றியுள்ள அத்தனை ஊரும் ஒரே நேரத்தில் போனைத் தூக்கும். எந்தக் கம்பெனியில் என்று யாருக்கும் தெரியாது. மகள் வேலைக்குப் போயிருப்பாள், புருஷன் போயிருப்பான். தொழிற்சாலைக்குள் செல்போன் கூடாது. கேட்பதற்கு ஆபீஸ் நம்பரை விட்டால் வேறு வழியில்லை. மூன்று லைனும் அடைத்துக்கொள்ளும். ஒரு தாய்க்கு நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் நூறு தாய்மார்கள் லைன் கிடைக்காமல் மாரில் அடித்துக்கொண்டு கம்பெனி வேன் வரும் ரோட்டுக்கு ஓடுவார்கள். "அறைக்குள்ள இருக்கும்போது நமக்குத் தெரிஞ்சிரும் தங்கச்சி, நம்ம உசுரோட இருக்கோம்னு. வீட்ல இருக்கவுகளுக்குத் தெரியாதே. அவுகதான் அம்புட்டு நேரமும் செத்துச் செத்துப் பொழைப்பாக" என்று அக்கா ஒருநாள் சொன்னாள். மறுநாளே முதலாளி முன்னால் போய் நின்று தன் யோசனையைச் சொன்னாள். ஊர்க்காரர்கள் நம்மைக் கூப்பிட வேண்டாம், நாம் அவர்களைக் கூப்பிடுவோம். ஊருக்கு ஒரு டீக்கடை போன், மொத்தம் பதினான்கு ஊர். ஒரு மணி அடித்ததும் நிறுத்த வேண்டும், மறுபடி ஒரு மணி அடித்து நிறுத்த வேண்டும். அந்தப் பக்கம் யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் பேச்சு வளரும், அடுத்த ஊர் காத்துக்கிடக்கும். "ஏம்மா, ஒருக்க அடிச்சாப் பத்தாதா?" என்று முதலாளி கேட்டார். "ஒருக்க எந்தக் கிறுக்கனும் அடிச்சிட்டு வச்சிருவான் மொதலாளி. நிறுத்தி மறுக்க அடிச்சாத்தான் அது நம்ம" என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பதினான்கு ஊருக்கும் தானே போய்ச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

சர்டிபிகேட் வாங்கிய எனக்கு இது தோன்றவில்லையே! மூன்று வருஷம் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, அழுகிற குரல்களையெல்லாம் நான்தானே கேட்டேன்? அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவளுக்குப் பாராட்டு கிடைத்ததைக்கூடத் தாங்கியிருப்பேன். அவள் நினைத்தது அவ்வளவு எளிமையாக, என் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடந்தது என்பதைத் தாங்க முடியவில்லை. அந்த வருஷம் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் காலண்டரில் அந்த நான்கு வரியைப் போட வேண்டும் என்று முதலாளி சொன்னார். அச்சகத்திலிருந்து புரூப் வந்த அன்று அக்கா மூச்சு இழுப்புக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். 'யோசனை' என்று போட்டு அவள் பெயர் இருந்தது. சிவப்புப் பேனாவை எடுத்தேன். அவள் பெயரை அடித்து, பக்கத்தில் என் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். கை நடுங்கவில்லை என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். அச்சாகி வந்தபோது முதலாளி முருகன் படத்தின் நிறத்தை மட்டும் பார்த்தார். அக்கா நிதானமாகக் கடைசி வரி வரை படித்தாள். "அச்சு நல்லா விழுந்திருக்கு" என்றாள். அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு, "ஒன் பேரு எழுத்துல பாக்க அழகா இருக்கு, தங்கச்சி" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதோடும் விட்டேனா? பதினான்கு ஊர் நம்பர்களையும் அக்கா தன் கோணல் எழுத்தில் ஒரு லேபிளின் பின்னால் எழுதி, என் பெட்டிக்கு மேலே ஒட்டியிருந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரியும். ஆபீஸுக்கு அசிங்கமாக இருக்கிறது என்று சொல்லி, கம்ப்யூட்டரில் புதிதாக டைப் அடித்து ஒட்டிவிட்டு, அவள் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். "ஒருக்கா வாசிச்சுக் காட்டுறியா? சரி பாத்துக்கிருவோம்" என்று கேட்டாள். "நான் டைப் அடிச்சதுல தப்பு வராதுக்கா" என்றேன்.

அடுத்த பங்குனியில், காலை பதினொரு மணி வாக்கில், ஆபீஸ் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வேறொரு கம்பெனியில் என்று பிறகு தெரிந்தது. அன்று அக்கா ஆள் கணக்கு எடுக்க நாரணாபுரம் போயிருந்தாள். ஐந்தே நிமிஷத்தில் தொழிற்சாலை கேட்டிலிருந்து போனில் அவள் குரல் வந்தது: "தங்கச்சி, நம்ம ஆளுக எல்லாரும் வெளிய வந்துட்டாக. தலை எண்ணியாச்சு. அடி." நான் அடித்தேன். ஒரு மணி, நிறுத்தி மறுபடி ஒரு மணி. பதினான்கு ஊரும் முடிந்தபோது கடிகாரத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. ஆனைக்குட்டத்து நம்பரில் இரண்டு எண்களை முன்பின்னாக டைப் அடித்திருந்தேன். யார் வீட்டிலோ மணி அடித்து நின்றது. ஆனைக்குட்டத்து டீக்கடையில் போனைச் சுற்றி ஊரே நின்றது, மணி அடிக்கவில்லை. அடித்தால் நலம் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். அடிக்காவிட்டால் என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

டிராக்டரில் ஒப்பாரி வைத்துக்கொண்டே நாரணாபுரம் கேட்டுக்கு வந்து இறங்கினார்கள். அவசரத்தில் குதித்த ஒரு கிழவியின் இடது கால் முறிந்தது. அக்காவின் அம்மா. மகள் முழுசாக எதிரில் நிற்பதைப் பார்த்த பிறகும், கீழே கிடந்தபடியே அவள் ஒப்பாரியை நிறுத்தவில்லையாம். சாயங்காலம் ஊர்ப் பெண்கள் காலண்டரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸுக்கே வந்துவிட்டார்கள். "எவ அவ, இந்தப் பேருக்காரி? வெளிய வரச் சொல்லுங்க!" என்று வாசலில் நின்று கத்தினார்கள். திருடின பெயர் அன்றைக்குத்தான் எனக்குச் சொந்தமானது. மேனேஜரும் முதலாளியும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நேராக வந்து நின்ற அக்கா, சேலையில் புழுதியோடு, "நம்பரத் தப்பா எழுதிக் கொடுத்தது நாந்தான். அவ மேல என்ன இருக்கு?" என்றாள். ஊர்ப் பெண்கள் அடங்கிவிட்டார்கள். அவர்கள் ஊர்ப் பெண் அல்லவா. அவளுடைய தாளைக் கிழித்துப்போட்டது யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நன்றி தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பழியைக்கூட என்னைவிட அழகாக வாங்கிக்கொள்கிறாளே என்றுதான் தோன்றியது. இப்படியும் ஒரு புத்தி மனுஷிக்கு உண்டா என்று கேட்டால், உண்டு, எனக்கு இருந்தது.

அடுத்த வருஷக் காலண்டரில் யார் பெயரும் இல்லை. எனக்குக் கல்யாணமாகி விருதுநகருக்கு வந்துவிட்டேன். அக்கா சில வருஷம் கழித்து வேலையை விட்டு ஊரோடு இருந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். இப்போது எல்லார் கையிலும் செல்போன். ஆனால் எங்கேயாவது வெடித்தால் இன்றைக்கும் அதே கதைதான். எல்லாரும் எல்லாரையும் கூப்பிட, யாருக்கும் லைன் கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட நாட்களில் என் போன் ஒரு மணி அடித்து நிற்கும். மறுபடி ஒரு மணி அடித்து நிற்கும். ஆனைக்குட்டத்து நம்பர். என் வீட்டில் யாரும் பட்டாசு வேலைக்குப் போவதில்லை. ஆனாலும் அக்கா எனக்கு அடிப்பாள். என் நம்பர் அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று தெரியாது. எடுக்கக் கூடாது என்பதுதானே விதி என்று சொல்லிக்கொண்டு, இத்தனை வருஷம் நான் எடுக்காமலே தப்பித்து வந்தேன்.

போன வாரம் டிவியில் சிவகாசிப் பக்கம் என்று செய்தி ஓடியது. ஒரு மணி அடித்து நின்றது. இரண்டாவது மணிக்கு நான் விரலை வைத்துவிட்டேன்.

"ஏன் எடுத்த?" என்றாள் அக்கா. மூச்சு முன்னைவிட மோசமாக இழுத்தது. "எடுக்கக் கூடாதுன்னு தெரியாதா ஒனக்கு?"

"அக்கா, அந்தக் காலண்டர்ல..."

"அதெல்லாம் அன்னைக்கே தெரியும். வையி புள்ள, கேட்ல கேட்டாச்சு, நம்ம ஆளுகளுக்கு ஒண்ணுமில்ல. இன்னும் நாலு ஊருக்கு அடிக்கக் கெடக்கு."

வைத்துவிட்டாள். இருபது வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்க அவளுக்கு நேரமில்லை. நான் போய் மகளின் மேஜையில் சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து வந்தேன். அட்டையில் என் பெயரை அடித்து, பக்கத்தில் அக்காவின் பெயரை எழுதினேன். இந்த முறை ஒவ்வொரு எழுத்தையும் சரி பார்த்தேன். மறுநாள் காலை மகள் பார்த்துவிட்டு, "இது யாரும்மா?" என்று கேட்டாள்.

"எங்க ஆபீஸ்ல இருந்த அக்கா. இதை யோசிச்சது அவங்கதான்" என்றேன். அதைச் சொல்லும்போதும் வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்தது.