மிளகாய் வைத்த தட்டு

எனக்கு முதன்முதலில் வேலை கிடைத்த கடையில், வேலையே கத்துவதுதான். வந்தவர் என்ன வேண்டும் என்கிறாரோ அதை அடுப்படியைப் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும். "ஒரு எக் ரைஸ், காரம் கம்மி!" அடுப்பில் நிற்கும் மாஸ்டர் அதைத் திருப்பிச் சொல்வார். பிறகு தட்டை வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். சமைக்க வேண்டாம், காசு வாங்க வேண்டாம். கேட்டவர்கள் எல்லாரும் இதெல்லாம் ஒரு கஷ்டமா என்றார்கள். எனக்கு நாள் முழுக்க வெயிலில் குனிந்து களை எடுப்பது இதைவிட லேசாக இருந்தது.

சின்ன வயதிலிருந்தே நான் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன். எங்கள் ஊர் சுரக்குடியில் பஸ்ஸிலிருந்து என்னோடு வேறு யாரும் இறங்கவில்லை என்றால், கண்டக்டரிடம் சொல்லத் தயங்கி, அடுத்த நிறுத்தம் வரை போய் இறங்கி, நடந்து திரும்பியிருக்கிறேன். பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். எங்களுக்கிருந்த நிலத்துக்கு அண்ணன் ஒருவரே போதும். அவருக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. புதிதாக வந்த அண்ணி எனக்குச் சோறு போடும்போதெல்லாம், ஒரு வார்த்தையும் சொல்லாமலே, நான் இன்னும் எத்தனை நாள் இப்படி உட்கார்ந்து சாப்பிடுவேன் என்று கேட்பது போல எனக்குத் தோன்றும்.

எண்பதுகளின் கடைசியில் காரைக்காலில் ஃபாஸ்ட் ஃபுட் என்று போர்டு வைத்த கடை ஒன்று வந்தது. முதலாளி சிங்கப்பூரில் ஓட்டலில் இருந்துவிட்டுத் திரும்பியவர். அங்கிருந்து கொண்டுவந்த முள்கரண்டிகளைத் தன் கையாலேயே துடைத்து வைப்பார். எங்கள் மாமா அவருக்குத் தெரிந்தவர் என்பதால் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

"முன்ன எங்கயாச்சும் ஓட்டல்ல வேல பாத்துருக்கியா தம்பி?"

தலையை ஆட்டினேன், இல்லை என்று.

"தட்டு கழுவியிருக்கியா?"

இல்லை.

"நூடுல்ஸாவது தின்னுருக்கியா?"

அதுவும் இல்லை.

முதலாளி மாமாவைப் பார்த்தார். "வாயாவது இருக்கா, இல்ல அதையும் நாந்தான் வாங்கித் தரணுமா?"

மாமா சிரித்துச் சமாளித்தார். மறுநாளே வரச் சொல்லிவிட்டார்கள். அம்மா தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் எனக்கு டவுனில் வேலை கிடைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கடையில் அடுப்பு என்றால் சாதாரண அடுப்பு இல்லை. காற்று அடித்து எரியவிடும் பெரிய பர்னர். பற்ற வைத்ததும் பஸ் மேடு ஏறுவது போல உறுமும். அதற்கு மேல் இரும்புச் சட்டி, சட்டியில் கரண்டி அடிக்கிற அடி. இதையெல்லாம் தாண்டி என் குரல் போக வேண்டும். முதல் நாள் நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. சீட்டு எழுதிக் கொடுக்கலாமே என்று இப்போது தோன்றும். ஆனால் மாஸ்டருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும், அந்தப் புகையில் எண்ணெய்க் கையோடு எதைப் படிப்பது?

வேறு வழியில்லாமல் அடுப்படிக்குள் போய், மாஸ்டரின் காதருகே சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஏன்டா தம்பி, காதுல வந்து குசுகுசுங்குற? நான் என்ன ஒன் கொழுந்தியாளா?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கழுத்து வரை சுட்டது.

அந்த வார முடிவில் முதலாளி கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "தம்பி, நீ நல்ல புள்ள. ஆனா ஃபாஸ்ட் ஃபுட்டுன்னா சத்தம் வேணும். சத்தம் கேட்டாத்தான் ரோட்டுல போறவன் திரும்பிப் பாப்பான். மாங்கனி வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள வாய் தொறந்தா சரி. இல்லன்னா மாஸ்டரோட மச்சான் ஒருத்தன் இருக்கான், பஸ் ஸ்டாண்டுல ஆள் கூப்புடுறவன். அவன வச்சிக்கிறேன்."

சாமி வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் எறிகிற மாங்கனித் திருவிழாவுக்கு அப்போது மூன்று வாரம்கூட இல்லை.

நான் முயற்சி செய்யாமல் இல்லை. காலையில் ஊருக்கு வெளியே வாய்க்கால் கரைக்குப் போனேன். தண்ணீர் இன்னும் வரவில்லை, வயலில் ஆளே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, "ஒரு எக் ரைஸ், காரம் கம்மி!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். வாய்க்காலுக்குள்ளிருந்து ஓர் அம்மாளின் குரல் வந்தது. ஆடு மேய்க்க வந்தவர், கீழே நிழலுக்கு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"ஏ தம்பி! எனக்கும் ரெண்டு கட்டிக் குடு! காரம் இருந்தாப் பரவால்ல!"

அதன் பிறகு அந்தப் பக்கமே நான் போகவில்லை.

விஷயம் வேறு விதமாகத் தீர்ந்தது. ஒரு நாள் சாயங்காலம் பெண்களும் பிள்ளைகளுமாக ஒரு குடும்பமே வந்து உட்கார்ந்தது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பெரியவர் ஒரு எக் நூடுல்ஸ் என்றார், காரமாக வேண்டும் என்றார். நான் அடுப்படிப் பக்கம் திரும்பி வாயை மட்டும் அசைத்தேன். மாஸ்டர் அங்கிருந்து, "என்னடா, வாயில கொழுக்கட்டையா? தட்டையாவது எடுத்து வையி!" என்றார்.

தட்டை எடுத்து அவர் முன்னால் இருந்த பலகையில் வைத்தேன். நூடுல்ஸ் என்று எப்படிச் சொல்வது? ஒரு முள்கரண்டியைத் தட்டில் போட்டேன். கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். காரத்துக்கு ஒரு பச்சை மிளகாய்.

மாஸ்டர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த முட்டையையே எடுத்துச் சட்டியில் உடைத்தார். அந்த மிளகாயையே ஒடித்துப் போட்டார். நூடுல்ஸை அதே தட்டில் கொட்டி, அதே முள்கரண்டியோடு என் கையில் கொடுத்தார். யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

மறுநாளும் அப்படியே செய்தேன். ஸ்பூன் இருந்தால் ரைஸ், முள்கரண்டி என்றால் நூடுல்ஸ். தட்டுகளை இடமிருந்து வலமாக வரிசையாக வைத்துக்கொண்டே போவேன், மாஸ்டர் இடது பக்கத்திலிருந்து எடுப்பார். அவருக்குத் தொண்டை மிச்சம். ஆனாலும் என்னைக் கிண்டல் செய்வதை அவர் விடவில்லை. "ஊமைப்படம் ஓட்டுறான்" என்பார்.

முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "என்னய்யா இது, எழவு விழுந்த வீடு மாதிரி இருக்கு கட. சத்தத்தையே காணும்" என்றார். மச்சானை மாங்கனி அன்றைக்கு வரச் சொல்லியாகிவிட்டது என்றும் சொன்னார். அன்றைக்கு அவன் எப்படி என்று பார்த்துவிட்டு முடிவு செய்வாராம். முடிவு எனக்குத் தெரிந்ததுதான். வீட்டில் சொல்லவில்லை.

மாங்கனி அன்று சாமி ஊர்வலம் எங்கள் கடை இருந்த தெரு வழியாகத்தான் வரும். அன்றைக்குக் கடையில் முட்டை கிடையாது, வெறும் காய்கறிதான். காலையிலேயே எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். மச்சான் ரோஜாப்பூ நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவன். நல்ல கணீரென்ற குரல், பொய் சொல்லக்கூடாது. "ரெண்டு ரைஸேய், ஒரு நூடுல்ஸேய்!" என்று அவன் இழுத்தபோது தெருவில் போனவர்கள் உண்மையிலேயே திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி கல்லாவில் உட்கார்ந்து தலையாட்டினார். என்னைத் தண்ணீர் வைக்கச் சொன்னார்கள்.

அப்போதுதான் மைக்செட்காரர் ஏணியோடு வந்தார். கடைக்கு எதிரே இருந்த விளக்குக் கம்பத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டினார். ஒன்று தெருவைப் பார்த்து, இன்னொன்று நேராக எங்கள் கடைக்குள்ளே பார்த்து. கீழே இறங்கிப் பாட்டைப் போட்டார்.

தண்ணீர் டம்ளர்கள் பெஞ்சில் நடுங்கின. மச்சானின் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. மாஸ்டர் காதில் கை வைத்து "என்ன?" என்றார். அவன் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். அவர் நூடுல்ஸ் போட்டுக் கொடுத்தார், கேட்டவர் ரைஸ் கேட்டிருந்தார். ஒரு சின்னக் குழந்தைக்கு வாங்கியதில் காரம், அது வீல் என்று அழுவது வாயைப் பார்த்துத்தான் தெரிந்தது. கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டது. முதலாளி கம்பத்தைப் பார்த்துக் கையை ஆட்டினார், மைக்செட்காரர் அவருக்குக் கும்பிடு போட்டார்.

நான் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததென்று எனக்கே தெரியாது. பெஞ்சுக்குப் போய், ஒவ்வொருவரிடமும் ஸ்பூனையும் முள்கரண்டியையும் காட்டிக் கையால் கேட்டேன். அவர்களும் கையால் சொன்னார்கள். முள்கரண்டி, முள்கரண்டி, ஸ்பூன், மிளகாய். வரிசையாக வைத்தேன். மாஸ்டர் முதல் தட்டைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்கவே மாட்டேன். அதற்குப் பிறகு அவர் தலை நிமிரவில்லை, கை மட்டும் போய்வந்துகொண்டிருந்தது.

விரதம் இருந்த ஒரு அம்மா வெங்காயக் கிண்ணத்தைக் காட்டி, கூடாது என்று கையை ஆட்டினார். இதை எப்படி வைப்பது? ஒரு வெங்காயத் துண்டை எடுத்து மாஸ்டரிடம் காட்டி, திரும்பக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, தட்டைக் கவிழ்த்து அதன் மேல் ஸ்பூனை வைத்தேன். மாஸ்டர் தலையாட்டினார். அன்றைக்குக் கவிழ்ந்த தட்டுகள் நிறைய வந்தன. ஒன்றில்கூட வெங்காயம் விழவில்லை.

கொஞ்ச நேரத்தில் என் தோளை யாரோ தொட்டார்கள். மச்சான். கையில் தட்டும் ஸ்பூனும் வைத்துக்கொண்டு, நாக்கை நீட்டி, விசிறிக் காட்டினான். இரண்டு மிளகாயை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். அவன் அதை ஏதோ பிரசாதம் போல வாங்கிக்கொண்டு போய்த் தட்டில் வைத்தான்.

ஊர்வலம் வந்தபோது பாட்டை நிறுத்தினார்கள். மாடிகளிலிருந்து மாம்பழங்கள் பறந்தன, கீழே அத்தனை கைகளும் மேலே போயின. ஒரு பழம் யார் கைக்கும் அகப்படாமல் எங்கள் கடைக்குள் வந்து, பலகையில் வரிசையாக இருந்த தட்டுகளில் ஒன்றில் 'ணங்'கென்று விழுந்தது.

மாஸ்டர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டேய் தம்பி, இது என்ன ஆர்டருடா?"

மச்சான் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். கல்லாவில் முதலாளிக்கும் தோள் குலுங்கியது.

கூட்டம் வடிந்து பர்னரை அணைத்ததும், எனக்கு அந்த அமைதியில் பயம் திரும்ப வந்தது. முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். மச்சானிடம், "ஒன் தொண்ட நல்ல தொண்டதான்யா. உள்ள வச்சி அத வீணாக்கக் கூடாது. சனிக்கெழமையில திருநள்ளாறு போற கூட்டம் வரும், நீ வாசல்ல நின்னு ஆளக் கூப்புடு" என்றார். பிறகு என்னைக் காட்டினார். "ஆர்டரு தம்பி பாத்துக்கட்டும். அவன் வைக்கிறபடிதான் இனிமே எல்லாரும் வைக்கணும். நானும் சேத்துத்தான்."

"அப்ப நான் பேசாமலே இருந்துக்கலாமா மொதலாளி?" என்று கேட்டேன்.

"இப்பப் பேசுறியே!" என்றார் மாஸ்டர்.

நான் பலகையைத் துடைக்கப் போனேன். மிளகாய்க் கூடை காலியாகிவிட்டிருந்தது. அங்கிருந்தே முதலாளியைப் பார்த்துச் சொன்னேன், நடுவில் மூன்று பெஞ்சு இருந்தும் அவருக்குக் கேட்டது.

"நாளைக்கு மார்க்கெட்டுக்கு நானே போறேங்க. மொளகா ரெண்டு பங்கு வாங்கணும்."

"வாங்கிக்கப்பா" என்றார்.