ஜாஸ் விழாவும் அக்கராயன் மதகும்

இன்று காலை, கிளிநொச்சித் தேநீர்க்கடை.

அக்கராயன் ஊர் உழவர் செல்லையா, விதைநெல்லை ஊறவைத்துவிட்டு, சிறுபோக நெல் விதைப்புக்குக் குளத்து மதகு திறக்கும் நாளை வானொலியில் கேட்க வந்திருந்தார்.

வானொலியோ கொழும்பின் கோடைகால ஜாஸ் இசை விழாவை மும்முறை முழங்கியது. நாளிதழின் முதற்பக்கம் முழுவதும் ஊதுகுழற்காரரின் படம். மதகைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"ஐயா, ஆர் எத்தினை மணிக்கு ஊதுவான் எண்டு எனக்குப் பாடம். தண்ணி எப்ப வரும் எண்டுதான் தெரியேல்லை. நாளைக்கு விதைக்காட்டி முளை அழுகிப்போகும்" என்றார் செல்லையா என்னிடம்.

"அங்கை கொழும்பிலை கொண்டுபோய் விதையுங்கோவன் அண்ணை, அவையள் ஊதி வளர்ப்பினம்" என்றார் கடைக்காரர்.

எவரும் சிரிக்கவில்லை.

உழவனின் சோற்றை உண்டு, உழவனையே மறக்கின்றன இந்த வானொலி, நாளிதழ் நாவுகள்.

மதகு திறக்கும் நாளை அறிந்தவர்கள் இந்தப் பதிவின் கீழ் உடனே எழுதுங்கள். ஜாஸ் விழாவின் நாளை எழுத வேண்டாம். அதை அக்கராயன் முழுவதும் அறியும்.