ராமர் மெலிந்துபோன ஃபிளெக்ஸ்

மட்டாஞ்சேரியில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் ஒரு போட்டோவைத் தூக்கிக்கொண்டு மஞ்சுஷாவின் கடைக்குத்தான் வருவார்கள். தெருமுனையில் அஞ்சலி ஃபிளெக்ஸ் ஏறாமல் இங்கே காரியம் நடக்காது. பள்ளிக் கம்ப்யூட்டர் வகுப்பில் படித்த லினக்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பதினோரு வருஷமாகத் தனியாளாகக் கடையை ஓட்டுகிறாள். பேசுவது தமிழ், ஃபிளெக்ஸில் எழுதுவது மலையாளம். வாய் கொஞ்சம் நீளம்; ஆனால் வேலையில் ஒரு குற்றம் சொல்ல முடியாது.

அந்த வாரம் வேலியேற்றம், கடல் பொங்கி ஏறும் நாட்கள். காயல் தண்ணீர் ஓடை வழியாக ஏறிக் கடைக்குள் கணுக்கால் நனைய நின்றது. தெருவே செய்வதுபோல அவளும் சிபியூவைத் தூக்கி மேல் தட்டில் வைத்தாள். அங்கிருந்து மானிட்டருக்குப் பழைய கேபிள் எட்டவில்லை. பிராட்வே கடைத்தெருவில் நீளமாக, மலிவாக ஒன்று வாங்கி மாட்டினாள். அன்றிலிருந்து திரையில் எல்லாம் பக்கவாட்டில் உப்பித் தெரிந்தது. ஈரத்தில், திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டு மண்டையைப் போட்டுவிட்டது என்று முடிவுகட்டினாள். அதற்காக வேலையை நிறுத்த முடியுமா? முதலில் வந்த முகத்தைக் கண் மதிப்பாக ஒடுக்கி அச்சுக்கு அனுப்பிவிட்டாள். அடி சாமர்த்தியக்காரி!

அந்த முகம் ராமருடையது. கார்ப்பரேஷன் லாரி ஓட்டியவர், நல்ல பருமன். மறுநாள் அவருக்குப் பதினாறாம் நாள் காரியம். மனைவி அழகம்மாள் வந்து ஃபிளெக்ஸைப் பிரித்தாள். அவள் முகம் மாறியது.

"இது யாரு?"

"ராமரண்ணன்தானே அக்கா..."

"இது ஆஸ்பத்திரியில கெடந்த மூஞ்சி, மோளே! மூணு மாசம் பார்த்துப் பார்த்து வயிறெரிஞ்ச மூஞ்சி. இதை மறக்கத்தானே நல்ல படமாத் தந்தேன்? இதையா நாளைக்குத் தெருவுல கட்டுவேன்?"

மஞ்சுஷா ஃபிளெக்ஸைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. "உக்காருங்க அக்கா, சாயா குடிங்க. சரியாக்காம நான் எழும்ப மாட்டேன்."

கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி போட்டாள். பலிக்கவில்லை. அலமாரியில் கிடந்த பழைய கார்டை மாட்டினாள். அதிலும் அதே உப்பல். அட, அப்போ கார்டுமேல தப்பில்லையா? திரையின் அளவைக் கேட்டுக் கட்டளை அடித்தாள்; 1024-க்கு 768 என்று அகலம் குறைந்த ஒரே அளவைத்தான் காட்டியது. அதுவரை திறந்தே பார்க்காத கம்ப்யூட்டரின் பதிவை அன்றுதான் வரிவரியாகப் படித்தாள். மானிட்டரிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை என்றிருந்தது. தன் அளவு என்னவென்று மானிட்டர்தான் கேபிள் வழியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் லினக்ஸ் குத்துமதிப்பாக ஒன்றைப் போட்டுக்கொள்ளும்; அவளுடைய அகலத் திரையில் அது பக்கவாட்டில் இழுபடும். அந்த மலிவுக் கேபிளில் அதைச் சொல்வதற்கான கம்பியே இல்லை!

"என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்றபடி சிபியூவை ஸ்டூலில் இறக்கினாள். பழைய கேபிளைத் தேடி எடுத்து மாட்டி, கம்ப்யூட்டரை மறுபடி ஓடவிட்டாள். உப்பல் போய்த் திரை சரியான அளவுக்கு வந்தது. ஒடுக்காத மூலப் படத்தைத் திறந்தாள்.

அழகம்மாள் சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரில் சளசளவென்று நடந்து வந்தாள். திரையில் ராமரின் கொழுத்த கன்னம், சட்டைக் காலரை மூடிய தாடை. வெகுநேரம் பார்த்தாள்.

"அச்சுக்கு அனுப்பட்டுமா அக்கா?"

"கொஞ்சம் பொறு மோளே. கடைசி வரைக்கும் ஒரு வாய் கஞ்சிகூட இறங்கல அவருக்கு. இப்போ பாரு, வயிறு நெறயச் சாப்பிட்டுட்டு வந்த மாதிரி இருக்காரு."