அஞ்சல் பெட்டியில் பதினெட்டு அக்காமார்

ஒரு மடக்கு நாற்காலிக்காக எங்கள் வரிசையில் குடியிருக்கும் பதினெட்டுப் பெண்களை நான் விற்றிருக்கிறேன். இதைக் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்ல முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன், முடியவில்லை. வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன், நாலு பேர் கூடினால் விளம்பரங்களின் மாயையைப் பற்றி அரை மணி நேரம் பேசக்கூடியவன், கைப்பிடியில் தேநீர்க் குவளை செருக ஓர் ஓட்டை இருக்கிறது என்பதற்காக ஒரு நாற்காலியின்மேல் ஆசைப்பட்டேன். நாற்காலி ஆசை யாரைத்தான் விட்டது.

நாங்கள் இருப்பது மலேசியாவின் கெடா மாநிலத்தில், குருண் பட்டணத்துக்கு வெளியே, தோட்டத்து ஓரமாகக் கட்டிய வரிசை வீடுகளில். ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டபோது லயம் என்ற தொழிலாளர் குடியிருப்பில் இருந்தவர்களில் பாதிப் பேர் இங்கேதான் வந்தார்கள். நான் பக்கத்துத் தொழிற்சாலையில் ஸ்டோர் கிராணி, அதாவது குமாஸ்தா. பட்டணத்தில் புதிதாகத் திறந்த பெரிய கடை ஒன்று தள்ளுபடி உறுப்பினர் திட்டம் அறிவித்தது. சேர்ந்தால் அரிசி முதல் அண்டா வரை விலை குறையும். பதினெட்டுப் பேரைச் சேர்த்துவிட்டால் சேர்த்தவருக்கு நாற்காலி.

சிக்கல் ஒன்றுதான். ஒவ்வோர் உறுப்பினருக்கும் தனி மின்னஞ்சல் முகவரி வேண்டும். எங்கள் வரிசைப் பெண்களிடம் கைப்பேசி உண்டு, அதில் நாள் முழுக்கப் பாட்டும் வம்பும் உண்டு, மின்னஞ்சல் மட்டும் கிடையாது. அலோர் ஸ்டாரில் வேலை பார்க்கும் என் மகள் விளையாட்டாக ஒரு வழி சொன்னாள்.

"உங்க அட்ரஸ் நடுவுல ஒரு புள்ளி வைங்கப்பா. கடைக்கு அது வேற ஆளு. ஆனா மெயில் உங்களுக்குத்தான் வரும்."

ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று பதினெட்டு விதமாக வைத்தேன். கோலம் போடுகிறவர்கள்கூட இத்தனை யோசித்திருக்க மாட்டார்கள். முழுப்பெயர்களை எங்கள் மரண சகாயச் சங்கத்தின் பட்டியலிலிருந்து எடுத்தேன்; நான்தான் அதன் செயலாளர். "கடையில வெல கொறையுமாம், சேத்துடவா அக்கா?" என்று வீடுவீடாகக் கேட்டேன். "சேரு தம்பி" என்றார்கள். பட்டியலில் இறந்த தேதிக்கு இடம் இருந்தது, பிறந்த தேதிக்கு இல்லை. மறுபடியும் வீடுவீடாகப் போகச் சோம்பல்பட்டு, பதினெட்டுப் பேரையும் ஜனவரி முதல் தேதி பிறக்க வைத்தேன்.

நாற்காலி வந்தது. ஒரு கால் கொஞ்சம் குட்டை. அதற்குப் பின்னாலேயே அஞ்சல்களும் வந்தன.

நாளைக்கு இரண்டு அனுப்பினார்கள். ஒவ்வொன்றும் பதினெட்டுப் பிரதி. மிதியடித் தள்ளுபடி, மெத்தைத் தள்ளுபடி, நேற்று முடிந்துவிட்டது என்று சொன்ன தள்ளுபடியின் நீட்டிப்பு. கடைசி வீட்டு அக்காவுக்கு, "உங்களைக் காணாமல் வாடுகிறோம்" என்று எழுதினார்கள். அவர் அந்தக் கடை வாசலை மிதித்ததே இல்லை. என்னை இருபத்தைந்து வருடமாகத் தெரிந்தவர்கள்கூட என்னைக் காணாமல் ஒரு நாளும் வாடியதில்லை. ஜனவரி முதல் தேதி பதினெட்டுப் பிறந்தநாள் வாழ்த்து, ஆளுக்கு ஒரு துண்டு கேக் இலவசம் என்ற சீட்டோடு. யாரும் போகவில்லை. கடைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும்.

உறுப்பினர் அட்டைகளுக்கு மட்டும் நல்ல கதி கிடைத்தது. ஒன்று ஆடும் மேசையின் காலுக்கு அடியில் போனது. பக்கத்து வீட்டு அக்கா தன்னுடையதைத் தோசை மாவுச் சட்டி வழிக்க வைத்துக்கொண்டார். "நல்ல கார்டு தம்பி, கரண்டியவிட சுத்தமா வழிக்குது லா" என்று, எங்கள் ஊர்ப் பேச்சின் 'லா'வும் சேர்த்து என்னைப் பாராட்டினார்.

இந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர். மரம் போன பிறகு, எங்கள் தொழிற்சாலை வாசலுக்கு எதிரே சாலையோரத்தில் கூடாரத் துணி கட்டித் தோசையும் வடையும் போட்டார். கணவர் தவறிப் பல வருடமாகிறது. அந்தத் தோசைக் கல்தான் சோறு போட்டது. சாலையோரக் கடைகளை ஆண்டு முடிவுக்குள் எடுத்துவிட வேண்டும் என்று நகராண்மைக் கழகம் அறிவித்தது. பதிலுக்குப் புது அங்காடி மண்டபத்தில் இடம் தருவார்கள். கணினியில் விண்ணப்பிக்க வேண்டும். நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். மின்னஞ்சல் என்ற கட்டத்தில் வழக்கம்போல் என் முகவரி.

"எடம் கெடைக்கலன்னா என்னா செய்வீங்க அக்கா?" என்று கேட்டேன்.

"செம்பனைக் காட்டுல உதிரிப் பழம் பொறுக்கப் போவணும். இந்த முட்டிய வெச்சிக்கிட்டு எத்தன நாளைக்குக் குனியறது, சொல்லு."

தினமும் வேலைக்குப் போகும் வழியில் அங்கேதான் பசியாறுவேன். தோசையைத் தட்டில் போட்டுக்கொண்டே, "வந்துச்சா தம்பி?" என்பார். "வரல அக்கா. ஆபீசு வேல, மெதுவாத்தான் நடக்கும்" என்பேன். என் அப்பா காலத்தில் தோட்டத்துக்கு வரும் கடிதமெல்லாம் ஆபீசுக்குத்தான் வரும். பெரிய கிராணி பெயர் படித்துக் கொடுத்தால்தான் உண்டு. அந்தக் கிராணியின் மிடுக்கு கொஞ்சம் என் குரலிலும் இருந்திருக்கும்.

தீபாவளித் தள்ளுபடி தொடங்கியபோது எனக்குப் பொறுக்கவில்லை. நாளைக்கு ஐந்து அஞ்சல், பதினெட்டால் பெருக்கிக்கொள்ளவும். விலகிக்கொள்ள அடியில் எறும்பு எழுத்தில் ஓர் இணைப்பு இருந்தது. அழுத்தினால் அட்டை எண் கேட்டது. அட்டைகளோ மேசைக்கு அடியிலும் மாவுக்கு உள்ளேயும் இருந்தன. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கடையின் ஒவ்வோர் அஞ்சலும் முழுப்பெயர் சொல்லித்தான் தொடங்கும். இந்த நாட்டில் எங்கள் பெண்களின் முழுப்பெயர் ஒவ்வொன்றின் நடுவிலும் 'ஏ/பி' என்று நிற்கும். இன்னாரின் மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம். எனவே பெட்டிக்கு ஒரு விதி எழுதினேன்: 'ஏ/பி' இருக்கும் எந்த அஞ்சலும் நேரே குப்பைக்குப் போகட்டும்.

அஞ்சல் பெட்டி ஒரே நிமிடத்தில் வெளுத்தது. வெற்றியை மனைவியிடம் சொன்னேன். "குப்பையெல்லாம் தானா வெளிய போற மாதிரி ஒரு ரூல் எழுதியிருக்கேன்."

"அப்போ வாசல்ல இருக்கற தொட்டிக்கும் ஒண்ணு எழுதுங்க" என்றாள்.

அந்தப் பெட்டியின் அமைதியில் ஒரு மாதம் போல வாழ்ந்தேன். அக்கா காலையில் கேட்பதை மெல்ல நிறுத்திக்கொண்டார். தட்டை வைத்துவிட்டு என் முகத்தை மட்டும் பார்ப்பார்; நான் தலையாட்டுவேன்.

கெடாவில் வெள்ளியும் சனியும்தான் அரசு விடுமுறை. ஞாயிறு அலுவலகங்கள் திறந்திருக்கும். எங்கள் தொழிற்சாலைக்கு ஞாயிறு விடுமுறை. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, நாற்காலியில் குவளையைச் செருகி உட்கார்ந்திருந்தேன்.

"கண் ஆஸ்பத்திரியிலேர்ந்து எனக்கு மெயில் அனுப்பிட்டோம்னு போன்ல சொல்றாங்களே, வந்துச்சா?" என்று மனைவி கேட்டாள்.

வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் உறைத்தது. அவளும் ஒருவரின் மகள்.

குப்பையைத் திறந்தேன். தள்ளுபடிகளுக்கு நடுவே அவளுடைய அஞ்சல் கிடந்தது. தோள் மேலாக எட்டிப் பார்த்தவள், "என்னையுமா போட்டீங்க?" என்றாள். அதற்குள் கீழே இன்னொன்றைப் பார்த்துவிட்டேன். நகராண்மைக் கழகம். அக்காவின் முழுப்பெயர், நடுவில் அதே இரண்டெழுத்து. மூன்று வாரம் முன்பு வந்தது. இடம் ஒதுக்கக் குலுக்கல், ஞாயிறு காலை பத்து மணி, வராதவர் இடம் அடுத்தவருக்குப் போகும். எந்த ஞாயிறு என்று தேதியை இரண்டு முறை படித்தேன். இந்த ஞாயிறுதான்.

மண்டபத்துக்குக் காரில், எங்கள் பேச்சில் காடியில், அரை மணி நேரம். நானும் மனைவியும் சாலையோரக் கடைக்குப் போனபோது, சனிக்கிழமை இரவு வேலை முடிந்தவர்கள் ஆறு பேர் தோசைக்கு நின்றார்கள்.

"அக்கா, கடுதாசி வந்துருச்சு. பத்து மணிக்குக் குலுக்கல். ஏறுங்க."

"கல்லு சூடா இருக்கே தம்பி."

"நான் பாத்துக்கறேன், நீங்க போங்கக்கா" என்று மனைவி கரண்டியை வாங்கினாள். அவள் தோசை வட்டமாக வந்ததை நான் பார்த்ததில்லை. அன்று அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அக்கா மாவு டின்னுக்குப் பின்னாலிருந்து அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு, இடுப்புத் துணியோடு காடியில் ஏறினார்.

வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி, புள்ளி, விதி, குப்பை. ரயில் கேட் தாண்டியதும் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"ஆக, நான் பொறக்காத நாளுல கேக்கு குடுக்கறேன்னு வந்த கடுதாசியெல்லாம் படிச்சிருக்க."

"ஆமாக்கா."

"நான் தெனம் கேட்டேன் தம்பி."

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் காடி ஓட்டுவது சுலபமாக இருந்திருக்கும்.

நாங்கள் நுழைந்தபோது பத்தைத் தாண்டிப் பதினைந்து நிமிடம். குலுக்கல் முடியப்போகிறது. மேசையில் இருந்த மலாய்க்காரப் பெண் அதிகாரி, "லம்பாட் லா, மக்சிக்" என்றார். தாமதம் அம்மா என்று சொன்னாரே தவிர முகம் கடுமையாக இல்லை. கடிதம் கேட்டார். கைப்பேசியை நீட்டினேன். அவர் கடிதத்தைப் பார்த்தார். திரையின் மேலே 'குப்பை' என்று மலாயில் இருந்த சொல்லைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சீட்டுப் பெட்டியை அக்கா பக்கம் தள்ளினார்.

உள்ளே இரண்டே சீட்டு இருந்தது. அக்கா துணியில் கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தார். கடைசிக் கடை, தூணுக்குப் பின்னால், முகப்பு பின்சந்துப் பக்கம் பார்த்தது. என் தாமதம் அவரை மூலைக்குத் தள்ளிவிட்டது என்று நொந்துகொண்டிருந்தேன். அவரோ அங்கே போய் நின்று, குழாயைத் திறந்து, தண்ணீர் வருவதைப் பார்த்தார். மூடிவிட்டு மறுபடியும் திறந்தார்.

"தண்ணி இருக்கு தம்பி. அங்க வீட்டுலேர்ந்து பக்கெட்டுல சொமந்துக்கிட்டு இருந்தேன்."

அன்று மாலை அந்த விதியை அழித்தேன். இப்போது எல்லா அஞ்சலும் வருகிறது; தினம் காலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிக்கிறேன். அதில் அரை மணி நேரம் போகிறது. போனால் போகட்டும்.

ஜனவரி முதல் தேதி அக்கா புதுக் கடையில் கல்லைப் போட்டார். அன்று காலையிலேயே பதினெட்டுப் பிறந்தநாள் வாழ்த்தும் வந்து சேர்ந்தது. இம்முறை சீட்டுகளை அவரவர் கைப்பேசிக்கு அனுப்பி வைத்தேன். அக்கா கல்லை விட்டு வர முடியாது. மற்றப் பதினேழு பேரும் ஒரு வேன் பிடித்துக் கடைக்குப் போனார்கள். எல்லாருக்கும் ஒரே நாளா பிறந்தநாள் என்று கல்லாப் பெண் கேட்டதற்கு, கடைசி வீட்டு அக்கா, "ஒரே தோட்டம் லா" என்றாராம். பதினேழு துண்டுக் கேக்கோடு மண்டபத்துக்கு வந்து இறங்கினார்கள்.

பின்சந்து விஷயமும் நான் பயந்தபடி ஆகவில்லை. முன்பக்கம் நிறுத்த இடமில்லாமல் தொழிற்சாலைப் பஸ்கள் பின்னால்தான் நிற்கின்றன. இறங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது அக்காவின் கல்லைத்தான். கல்லுக்குப் பக்கத்தில் மாவுச் சட்டி, அதில் நான் சேர்த்துவிட்ட உறுப்பினர் அட்டை.

என் நாற்காலியை அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். குட்டைக் காலுக்கு அடியில் வேறொரு அட்டை வைத்தால் ஆடாமல் நிற்கிறது. ஒரு நாள் அதில் சாய்ந்து, குவளையைச் செருகிக்கொண்டு, மனம் குளிர்ந்துபோய்க் கேட்டேன்.

"ஏன் அக்கா, இந்தக் கடைக்கு ஃபாரம் நிரப்புன ஆளு நானு. எனக்கு ஒரு டிஸ்கவுண்ட் கெடையாதா?"

அக்கா தோசையைத் திருப்பினார். "உண்டு லா தம்பி. ஈமெயில்ல அனுப்பறேன். எப்படியும் நீ படிக்கப் போறதில்ல."