வெள்ளம் குடித்த சுக்கான்

மஸ்கட்டில் ஒரு கம்பெனி மெஸ்ஸில் நூறு பேருக்குச் சமைத்துப் போட்டவர் ததேயுஸ். 2010இல் விசா முடிந்து குளச்சலுக்குத் திரும்பியவர், யாரிடமும் கேட்காமல் பழைய ஃபைபர் வள்ளம் ஒன்றை வாங்கினார். இன்ஜின் நன்றாக ஓடியது. வள்ளம்தான் சொன்ன பக்கம் திரும்பவில்லை. வடக்கே திருப்பினால் கொஞ்சம் யோசித்துவிட்டு மேற்கே போயிற்று.

கூடப் போன மச்சினன் சகாயம், கரையேறியதும் சுக்கானைக் கழற்றித் தூக்கப் பார்த்தான். அசையவில்லை.

"அத்தான், இது உள்ள பூரா வெள்ளம் குடிச்சிருக்கு. ஃபைபர் வேலைக்காரன விளிங்க."

"நூறு பேருக்கு பிரியாணி வச்சவனுக்கு இது ஒரு வேலையாலே?"

ததேயுஸ் சுக்கானை வீட்டு முற்றத்தில் போட்டு அடியில் ஒரு துளை போட்டார். பழுப்புத் தண்ணீர் புளித்த வாடையோடு ஒழுகியது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். மனைவி பிலோமி அலறிவிட்டாள்.

"சத்தம் போடாத ஏட்டி. உப்பு குறைவு, புளிப்பு கூடுதல். உள்ள இருக்கிற ஃபோம் ஊசிப்போச்சு."

ஆச்சரியம், அது சரியாக இருந்தது. ஒரு பக்கத்துத் தோலை அறுத்து எடுத்தால், உள்ளே ஃபோம் பாலில் ஊறிய ரொட்டிபோல் கிடந்தது. அகப்பையால் சுரண்டி எடுத்தார். காய வேண்டுமே, வெளியில் மழை. ஹாலில் பெஞ்சின்மேல் நீளமாகக் கிடத்தி, தூசி படாமல் வெள்ளைத் துணி மூடி, மேலே ஃபேனை ஓடவிட்டார்.

மறுநாள், ஒரு கல்யாணத்துக்கு அழைக்க வந்த உறவுக்காரி நேசம்மாள் வாசலிலேயே பத்திரிகையைக் கீழே போட்டாள். "எனக்க மக்கா, யாருக்கும் சொல்லாம போயிட்டியே!" என்று பெஞ்சின் காலைப் பிடித்து அழுதாள். பிலோமி துணியை விலக்கிக் காட்டியதும், சுக்கானைப் பார்த்து இன்னும் கொஞ்சம் அழுதாள். தொடங்கியதை உடனே நிறுத்த முடியவில்லையாம்.

ததேயுஸ் மார்த்தாண்டத்தில் ரெசின் என்ற பிசினும், அதை இறுக வைக்கும் ஹார்டனரும், கண்ணாடி நாரில் செய்த ஃபைபர் பாயும் வாங்கிவந்தார். புது ஃபோமை நிரப்பித் தோலை மூடினார். இனி மேலே பாயை வைத்து ரெசின் பூச வேண்டும். கடைக்காரர் சொன்ன அளவு அவர் காதில் ஏறவில்லை. கைப்பக்குவம் இருக்கிறதே. முதல் கலவை மக்கில் புகைந்து, தூரிகையோடு சேர்ந்து கல்லாகிவிட்டது. அடுத்ததில் ஹார்டனரைக் கண்ணில் காட்டினாரோ என்னவோ, பூசியது மறுநாளும் பிசுபிசுவென்றே இருந்தது. பக்கத்து வீட்டுக் கோழி அதில் ஏறி நின்றுகொண்டது. இறங்க முடியவில்லை.

சகாயம் தேங்காய் எண்ணெய் தடவித் தடவிக் காலை விடுவித்தான். கோழி போயிற்று. சிறகடித்ததில் இறகுத் தூவல் பாதி சுக்கானிலேயே தங்கிவிட்டது.

மூன்றாம் தடவை அளவு பார்த்து ஊற்றினார். பிசினைச் சுரண்டித் தேய்த்து, மேலே புதுப்பாய் ஒட்டினார். இறுகியது. அடியில் ரெண்டு தூவல் தெளிவாகத் தெரிந்தது. "பிடிப்புக்கு நல்லதுதான்" என்றார்.

வள்ளத்தில் மாட்டிக் கடலில் இறக்கியபோது, சொன்ன பக்கம் சொன்ன மாத்திரத்தில் திரும்பிற்று. ததேயுஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வலம் ஒரு வட்டம், இடம் ஒரு வட்டம் என்று ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டே இருந்தார். தூரத்தில் வலை போட்டிருந்தவர்கள், யாரோ தவறி விழுந்துவிட்டார்கள், தேடுகிறார்கள் என்று நினைத்து வலையை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அரை மணிக்குள் ஆறேழு வள்ளம் கூடிவிட்டது. ரெண்டு பேர் தண்ணீரில் குதித்தார்கள்.

ததேயுஸ் பதறிப்போய் இன்ஜினை நிறுத்தினார்.

"யாரு மக்கா விழுந்தா?" என்று கேட்டுவிட்டு, அவரும் எட்டி எட்டித் தேட ஆரம்பித்தார்.