சாகர் சுவரைச் செங்கல் என்று எழுதினேன்

ஓய்வு பெற நாலைந்து வருடம் இருக்கும்போது, அரசு அலுவலகத்தில் கட்டட வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். நிலநடுக்கம் வந்தால் மாவட்டத்தில் எந்தத் தெருவில் எவ்வளவு சேதமாகும் என்று கணக்கிடும் சாஃப்ட்வேர் வந்திருந்தது. சுவர் எதனால் ஆனது, எத்தனை மாடி, வயது என்ன என்று கொடுத்தால், அது தெருவுக்குச் சிவப்போ மஞ்சளோ பச்சையோ பூசும். சிவப்புத் தெருவின் அரசுக் கட்டடங்களை முதலில் இடித்துக் கட்டுவதாகத் திட்டம். விருத்தாசலம் என் பொறுப்பு. இரண்டு நாள் பயிற்சியிலேயே எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது.

பீங்கான் சூளைகள் இருக்கும் தெருவில் ஓர் அங்கன்வாடி. டீச்சர் பெயர் ஆரோக்கியமேரி. சிமென்ட் பூச்சைப் பார்த்துவிட்டுப் படிவத்தில் செங்கல் என்று எழுதப் போனேன்.

"செங்கல்லு இல்லீங்க சார். உள்ள பூரா சாகரு. சூளையில ஒடஞ்சத அடுக்கி, சேறு வச்சுக் கட்டி, மேல பூசிட்டாங்க. இந்தத் தெருவுல பாதி வூடு அப்படித்தான் இருக்குது" என்றார்.

சாகர் என்பது பீங்கான் சாமான்களை உள்ளே வைத்துச் சுடும் தடித்த மண்பெட்டி. பல தடவை சூளைக்குப் போனால் விரிசல் விடும். எங்கள் ஊரில் அதைத் தூக்கிப் போட மாட்டார்கள், சுவராக்கிவிடுவார்கள். அந்தச் சுவரில் பிடிப்பே இருக்காது. இந்த ஊரிலேயே பிறந்த எனக்கு இது தெரியாதா?

சாஃப்ட்வேரில் மண், கல், செங்கல், கான்கிரீட், இதர என்று ஐந்தே வகை. 'இதர' போட்டால் போட்டோவும் விளக்கமும் சேர்க்க வேண்டும். முந்தின வாரம்தான் அதிகாரி கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "யோவ், எல்லாத்தையும் இதரன்னு போட்டா நான் மேல என்னத்தய்யா அனுப்புறது?"

டீச்சரிடம் "சரிம்மா, பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்து, தெரு முழுவதையும் செங்கல் என்று ஏற்றினேன். தெரு பச்சையானது. மாவட்டக் கூட்டத்தில் மேப்பைத் திரையில் போட்டபோது கைதட்டினார்கள். வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றேன். இடித்துக் கட்டும் பட்டியலில் அங்கன்வாடி வரவில்லை.

அந்த ஐப்பசியில் நான்கு நாள் மழைக்கே அங்கன்வாடியின் பின்சுவர் விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் இல்லை. மறுநாள் போனபோது, அவர்கள் மதியம் தூங்கும் பாய்கள்மேல் உடைந்த சாகர்கள் குவிந்து கிடந்தன. ஆரோக்கியமேரி ஒவ்வொரு பாயாக உருவிக்கொண்டிருந்தார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"முன்னெல்லாம் பயந்துகிட்டு இந்தப் பக்கம் படுக்க வைக்க மாட்டேன் சார். லிஸ்டுல எங்க கட்டடம் இல்லன்னதும், சார் சோதிச்சுப் பாத்துட்டாங்க, சுவரு தாங்கும்போலன்னு இங்கயே படுக்க வச்சேன்."

அலுவலகம் திரும்பி அந்தத் தெருவின் விவரங்களைத் திருத்தினேன். காரணம் என்ற இடத்தில் 'தகவல் புதுப்பிப்பு' என்று எழுதினேன். தவறு என்று எழுதும் தைரியம் அன்றைக்கும் வரவில்லை. யாரும் கேட்கவில்லை, நல்ல பெயரோடுதான் ஓய்வு பெற்றேன்.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளே, சாஃப்ட்வேரில் இல்லாத வகைச் சுவரைப் பார்த்தால் 'இதர' போடுங்கள், திட்டு வாங்குங்கள். அதிகாரியிடம் ஒரு திட்டுக்குப் பயந்து, அத்தனை பிள்ளைகளை அந்தச் சுவரோரம் படுக்க வைத்தவன் நான்.