கிளேரின் பரலோகத் தாய்

இன்று மதியம், என்னோடு வேலை செய்யும் கிளேரை பாரிஸில் நம் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்குத் தோசை சாப்பிடக் கூட்டிவந்தேன். அவள் மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவள்.

சாப்பிடும்போதும் கண் போனில்தான். அவர்கள் சபைப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் பெரிய விவாதமாம்.

“பரலோகத்தில் எங்களுக்குத் தாயும் இருக்கிறாள். ஆனால் ஜெபிப்பது பிதாவிடம்தான். அவளோடும் பேச எனக்கு ஆசை” என்றாள் பிரெஞ்சில்.

சாம்பார் ஊற்றிய கடைக்கார அக்காவுக்கு அது விளங்கிவிட்டது. “தாயோட கதைக்கிறதுக்கு என்ன யோசனை? நான் அம்மனோட ஒவ்வொரு நாளும் சண்டையெல்லோ பிடிக்கிறனான்!”

மொழிபெயர்த்தேன். கிளேர் வாய்விட்டுச் சிரித்து, அதை அப்படியே குழுவில் எழுதினாள். பிறகு ஆவலாகக் கேட்டாள்: “அப்போ உங்கள் கோயிலில் பூசை செய்வதும் பெண்கள்தானே?”

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

“அவவுக்கு இன்னொரு தோசை கொண்டுவாறன்” என்று அக்கா உள்ளே போய்விட்டார்.

கிளேர் என்னையும் குழுவில் சேர்த்துவிட்டாள். பதில் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அங்கே எல்லோரும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.